பசி என்று ஒரு தலைப்பு

(செஞ்சியில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பும் சொல் கணக்கும் சொல்லி நடத்துகிற குறுங்கதைப் போட்டிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ‘மழை’ என்பார்கள், ‘கடைசிப் பேருந்து’ என்பார்கள். நூறு சொல், இருநூறு சொல், மிஞ்சிப்போனால் ஒரு பக்கம். இத்தனாம் தேதிக்குள் அனுப்பிவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது இதில் இறங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு உதவுகிற மாதிரி பேசுங்கள் என்று கேட்டார்கள். மறுபடி கூப்பிட்டு, “கோட்டையப் பத்தியும் நாலு வார்த்தை சேர்த்துக்குங்க சார்” என்றார்கள். செஞ்சியில் எந்தக் கூட்டமானாலும் இந்த இரண்டாவது வேண்டுகோள் தப்பாது. அதிலும் 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் போர் அரண்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்து, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றே அதில் இடம்பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். சரி, இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். சேர்த்துப் பேச முடியும் என்பது தயார் செய்ய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

இப்படிப்பட்ட போட்டிகளுக்கு நான் எழுதியிருக்கிறேன். வந்த கதைகளைப் பிரித்துப் படிக்கிற மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மேசையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எழுதுகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ‘மழை’ என்ற தலைப்புக்குக் கட்டுக்கட்டாகக் கதைகள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கதையில், பேருந்து நிறுத்தத்தில் பழைய காதலி குடையோடு நிற்கிறாள். நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது கதையில், வானத்தைப் பார்த்துக் காத்திருந்த விவசாயிக்கு அறுவடை நாளில் மழை கொட்டுகிறது. மூன்றாவதில் குடிசை ஒழுகுகிறது; அம்மா பாத்திரம் வைக்கிறாள்; குழந்தை அந்தச் சத்தத்தைச் சங்கீதம் என்கிறது. நான்காவதில் மறுபடி குடை, மறுபடி காதலி, இந்த முறை அவள் மகளோடு. பதினைந்தாவது கதையின் கடைசி வரியில், இவ்வளவு நேரம் கதை சொன்னது மழைதான் என்று தெரியவருகிறது. முப்பதாவது கதையிலும் அப்படியே தெரியவருகிறது.

இவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவர்கள் கிடையாது. ஒருவர் தூத்துக்குடி, ஒருவர் கோலாலம்பூர். ஆனாலும் ஒரே கதை. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான்: தலைப்பைக் கேட்டதும் மனசில் முதலில் வந்து நிற்கிறதே, அது ஊருக்கே பொதுவானது. சினிமாவும் தொடரும் பத்திரிகையும் பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டும் சேர்ந்து நமக்குள் போட்டுவைத்தது. அதை எழுதி அனுப்பினால், உங்கள் பெயர் மட்டும்தான் அதில் உங்களுடையதாக இருக்கும். இந்த வேலையை இப்போது இயந்திரமும் செய்து தருகிறது, அதுவும் மூன்று நொடியில். அதோடு போட்டி போட்டு நாம் ஜெயிக்கப் போவதில்லை. ஜெயிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கொடுத்த பொருளில் எழுதுவது தமிழுக்குப் புதிதா என்றால், நம் பழைய தொகைநூல் ஒன்று முழுக்கவே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஐங்குறுநூறு. 500 பாட்டு, அதில் இரண்டு கிடைக்கவில்லை. ஒவ்வொரு பாட்டும் மூன்று அடியிலிருந்து ஆறு அடிக்குள். ஐந்து திணை, திணைக்கு ஒரு புலவர், ஆளுக்கு நூறு, அந்த நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்து, பத்துக்கு ஒரு தலைப்பு. எருமைப் பத்து, குரக்குப் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து. மருதம் பாடிய ஓரம்போகியாருக்குக் கிடைத்த தலைப்புகளில் ஒன்று நண்டு. களவன் பத்து. யோசித்துப் பாருங்கள், நண்டை வைத்துப் பத்துக் காதல் கவிதை! ஒரு பாட்டில் நண்டு வயலைக் கொடியை அறுக்கிறது. இன்னொன்றில் நெற்கதிரைப் பறித்துக்கொண்டு தன் மண் வளைக்குள் போகிறது. வேறொன்றில் அதன் கண் வேப்பம் மொட்டுப் போல நீண்டு நிற்கிறது. நண்டைக் காட்டிவிட்டுப் புலவர் பேசுவது வீட்டுக்கு வராத தலைவனைப் பற்றி. முதல் பாட்டில் வேண்டுமானால் எல்லோருக்கும் தோன்றுகிற நண்டு வந்திருக்கும். ஏழாவது எட்டாவது பாட்டுக்கு வயலில் இறங்கி நண்டைப் பார்த்தாக வேண்டும். வேறு வழியில்லை. தலைப்பு செய்கிற நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். கைவசம் இருக்கிற சரக்கு தீரும்வரை விடாது.

போட்டி என்று எடுத்துக்கொண்டாலும் நமக்கு ஒரு மூத்த போட்டி இருக்கிறது. பாண்டியன் ஒரு சந்தேகத்தைத் தலைப்பாகக் கொடுத்தான், ஆயிரம் பொன் பரிசு என்றான். தருமி கொண்டுபோன பாட்டை எழுதியவர் வேறு ஆள். நடுவர் குற்றம் கண்டுபிடித்தார். எழுதியவர் நேரில் வந்து சண்டை போட்டார். இன்றைக்குப் போட்டிகளில் நடக்கிற சகலமும் அந்தத் திருவிளையாடலில் நடந்துவிட்டது. பத்திரிகைகள் ‘இது என் சொந்தக் கற்பனையே’ என்று உறுதிமொழி கேட்பது தருமியை நினைத்துத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதற்குப் பரிசு எதுவும் இல்லை.

அச்சு வந்த பிறகு குறுங்கதை, ஒரு பக்கக் கதையாக வார இதழ்களில் குடியேறியது. குமுதம், குங்குமம் என்று வளர்ந்த தலைமுறைக்கு ஒரு பக்கக் கதை என்றால் கடைசி வரியில் ஒரு திருப்பம் என்று அர்த்தம். சுஜாதா தன் பங்குக்கு 55 சொல் கதையைத் தமிழ் வாசகர்களிடம் பேசிப் பரப்பினார். அந்த 55 கலிபோர்னியாவில் பிறந்தது. ஸ்டீவ் மாஸ் என்ற பத்திரிகைக்காரர் சான் லூயி ஒபிஸ்போ என்ற ஊரில் தன்னுடைய ‘நியூ டைம்ஸ்’ வார இதழில் 1987இல் தொடங்கிய போட்டி. பிறகு இணையத் தமிழர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2006இல் தேன்கூடு, தமிழோவியம் என்ற இரண்டு தளங்கள் சேர்ந்து மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டி நடத்தின. ‘மரணம்’ ஒரு மாதம், ‘உறவுகள்’ ஒரு மாதம். இன்று நன்றாக எழுதுகிற சிலர் அப்படிப்பட்ட களங்களில் கை பழகியவர்கள்தான்.

சொல் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் 55 என்றால் 55. தமிழில் அப்படியா? ‘வந்து கொண்டு இருந்தவனிடம் இருந்து’ என்று பிரித்து எழுதினால் நான்கு சொல். சேர்த்து எழுதினால் ஒன்று. இரண்டு சொல் அதிகமானால் நம் ஆட்கள் கதையைத் தொட மாட்டார்கள், இடைவெளியைத் தொடுவார்கள். சந்தி விதி நன்றாகத் தெரிந்தவருக்கு நூறு சொல் போட்டியில் நூற்றிருபது சொல் கிடைக்கும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, செய்துகொள்ளுங்கள். ஆனால் வெட்டுவதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகு செய்யுங்கள். பெரும்பாலும் முதல் மூன்று வாக்கியம் இருக்கும்.

இப்போது செஞ்சிக்கு வருகிறேன். ‘கோட்டை’ என்று தலைப்புக் கொடுத்தால் இந்த அரங்கத்தில் எத்தனை பேர் தேசிங்கு ராஜனை எழுதுவீர்கள்? கை தூக்க வேண்டாம். தெரியும். இருபது வயதை ஒட்டிய இளைஞன், சில மாத ஆட்சி, பாக்கி கேட்டு வந்த ஆர்க்காட்டு நவாப், 1714 அக்டோபர் 3இல் முடிந்த சண்டை, கல்யாண மேடையிலிருந்து எழுந்து வந்த நண்பன் மகபத்கான், குதிரை. இந்தக் கதையைப் பாட்டாகக் கட்டி முந்நூறு வருஷமாகத் தெருத்தெருவாகப் பாடியிருக்கிறார்கள். நூறு சொல்லில் நாம் அதை மறுபடி சொன்னால் அது அந்தப் பாட்டின் சுருக்கமாகத்தான் இருக்கும். எனவே தேசிங்கைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுவோம். அவருக்கு மலை உச்சியில் நல்ல காற்று இருக்கிறது.

வேறொரு தலைப்பு எடுத்துக்கொள்கிறேன். கோட்டையோடு யாரும் உடனே சேர்த்துப் பார்க்காத தலைப்பு. ‘பசி’.

பசி என்றதும் வருகிற முதல் கதை எது? பிச்சைக்காரக் குழந்தை, ஓட்டல் வாசல், எச்சில் இலை. அல்லது, பணக்கார வீட்டு விருந்தில் மிஞ்சிய சோறு, வாசலில் காவலாளி. சரி, அதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். இனி உங்கள் ஊருக்குள் நடங்கள்.

சிங்கவரம் போகிற வழியில் திருநாதர் குன்று இருக்கிறது. பாறை முகத்தில் 24 தீர்த்தங்கரர்களை வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசையில் செதுக்கியிருக்கிறார்களே, அந்தக் குன்று. ஏறிப் பார்க்காதவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள். அங்கே ஒரு கல்வெட்டு. கிட்டத்தட்ட 1500 ஆண்டுப் பழசு. எழுத்து ஆராய்ச்சிக்காரர்கள் அதில் உள்ள ‘ஐ’ என்ற எழுத்துக்காக அதைக் கொண்டாடுவார்கள். எனக்கு அது சொல்லும் செய்திதான் முக்கியம். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் விட்ட இடம் இது. அவ்வளவுதான் கல்வெட்டு. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சொற்கள். ஏன் இருந்தார், யார் அழுதார்கள், ஒன்றும் இல்லை. ஒரு எண், ஒரு பெயர், ஒரு இடம். அதே பாறையில் பல நூறு ஆண்டு கழித்து வேறொருவர் முப்பது நாள் நோற்றதாக இன்னொரு கல்வெட்டு.

57 என்ற எண்ணில் நின்று பாருங்கள். யாரோ ஒருவர் தினமும் எண்ணியிருக்கிறார். நோன்பிருந்தவர் எண்ணியிருக்க மாட்டார். பக்கத்தில் இருந்த சீடனா? அவன் சாப்பிட்டானா? எங்கே போய்ச் சாப்பிட்டான்? குன்றின் மறுபக்கம் இறங்கி, வாசனை மேலே வராத இடத்திலா? கதை அங்கே இருக்கிறது. கல்வெட்டு அதை உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறது.

அங்கிருந்து இறங்கி, கோட்டைக்குள் ராஜகிரிப் பக்கம் வாருங்கள். சக்கரக்குளத்துக்கு அருகே ஒரு பெரும்பாறை, அதன் நடுவில் இயற்கையாகவே ஒரு குழி, மேலே வட்டமாகக் கைப்பிடிச் சுவர். கைதிக் கிணறு என்பார்கள். தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பசியில் சாக விட்டார்கள் என்று தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு குன்றில் தானாக விரும்பி உணவைத் துறந்த முனிவர். இன்னொரு குன்றின் அடியில் உணவு மறுக்கப்பட்ட கைதி. நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டிலும் எண்ணிக்கை இருக்கிறது. ஒன்று கல்லில் ஏறிவிட்டது. கைதி கிடந்த நாளை யாரும் வெட்டிவைக்கவில்லை.

இதற்கிடையில் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் களஞ்சியம். கனத்த சுவர், வளைந்த கூரை, உள்ளே போனால் குரல் எதிரொலிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனால் முதலில் கத்திப் பார்க்கிற இடம் அது. அந்தச் சுவருக்குள் இருந்த நெல்லைக் கொண்டுதான் இந்தக் கோட்டை நின்றது. ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் முற்றுகை போட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை 1698இல்தான் முடிந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டு. முற்றுகை என்றால் உள்ளே இருப்பவன் பட்டினி கிடப்பான், வெளியே இருப்பவன் சாப்பிட்டுக்கொண்டே காத்திருப்பான் என்பது நம் முதல் நினைப்பு. இங்கே நடந்தது வேறு. 1692 முடியும் தறுவாயில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வெளியிலிருந்து வந்து தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். முற்றுகை போட்டவன் பாளையத்தில் பஞ்சம். 1693 தொடக்கத்தில் ஜுல்பிகார் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கோட்டைக்குள் இருப்பவன் சாப்பிட்டான், சுற்றி வளைத்தவன் பசித்துக் கிடந்தான்! இதை ஓர் எழுத்தாளர் கற்பனை செய்திருந்தால் நம்ப மாட்டோம்.

இதே கோட்டையை 1750இல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்துவிட்டார்கள். எட்டு ஆண்டு முற்றுகை நாவல்காரனுக்கு. அந்த ஓர் இரவு குறுங்கதைக்காரனுக்கு.

வரலாறு வேண்டாம், இன்றைக்கு எழுதுகிறேன் என்றால், செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போங்கள். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை உள்ளே அடங்காமல் வெளியே வண்டி வரிசை நிற்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தன் நெல் மூட்டைமேல் தலைவைத்து இரவெல்லாம் படுத்துக்கிடக்கிறவர் ராத்திரிக்கு என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள். புரோட்டா என்பார். ஊருக்கே அரிசி கொடுக்கிறவர் அன்றைக்கு மைதா தின்கிறார். இதில் நீங்கள் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். ‘ஊருக்குச் சோறு போடுபவனுக்கே சோறில்லை’ என்று கடைசியில் ஒரு வரி எழுதத் தோன்றும். அந்தக் கையை அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரிக்கு, களஞ்சியத்தையும் முற்றுகையையும் வைத்து நானே ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். படிக்கிறேன்.

“களஞ்சியத்தில் நெல் அளக்கிறவன் மாலையில் வெளியே வரும்போது வேட்டியை உதறிக் காட்ட வேண்டும். வாயைத் திறந்து காட்ட வேண்டும். காவலர் பார்ப்பார், ஒரு மணி நெல்கூட விழாது. போகச் சொல்வார். வீட்டில் அவன் மனைவி அவனைத் திண்ணையில் உட்காரவைத்து, குடுமியை அவிழ்த்து, கீழே முறத்தை வைத்து, மெல்லத் தட்டுவாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து எண்ணுவார்கள். இன்றைக்கு எண்ணி முடித்ததும் பெரியவன் நிமிர்ந்து பார்த்தான். ‘நேத்து பதினாலு இருந்துச்சேப்பா.’”

உங்களில் சிலர் முகத்தில், அப்புறம் என்ன ஆயிற்று என்ற கேள்வி தெரிகிறது. மாட்டிக்கொண்டானா? தலையை மொட்டையடிக்கச் சொன்னார்களா? பிள்ளைகளில் ஒன்று செத்ததா? இவை எல்லாமே வரலாம். எதை வைத்தாலும் அது திருப்பம் ஆகிவிடும், வாசகர் ‘அடடா’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். பதினாலு குறைந்து எத்தனை ஆயிற்று என்றுகூட நான் சொல்லவில்லை, பாருங்கள். அவர் கணக்குப் போடட்டும்.

எதை விடுவது என்பதைப் போலவே, எதற்குச் சொல்லைச் செலவழிப்பது என்பதும் பெரிய கேள்வி. இதற்கு நான் கண்ட நல்ல பாடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவண்ணாமலை தாண்டிச் செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர்போனது. அங்கே எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று. அந்த அரசனுடைய 34ஆவது ஆட்சியாண்டு. கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கிற சண்டையில் இறந்துபோனான், அவனுக்கு எடுத்த கல். கல்லில் எழுதுவது என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் உளி அடி, கூலியும் உண்டு. நம்முடைய நூறு சொல் கட்டுப்பாடெல்லாம் அதற்கு முன்னால் விளையாட்டு. அந்தக் கல்லில், வீரன் எப்படிச் சண்டை போட்டான், எத்தனை பேரை வெட்டினான் என்று ஒரு வரி கிடையாது. மிச்சம் இருந்த இடத்தை எதற்குக் கொடுத்தார்கள் தெரியுமா? நாய்க்கு. கோவிவன் என்ற அவனுடைய நாய் திருடர் இரண்டு பேரைக் கடித்துவிட்டு அவன் உடலைக் காத்து நின்றது என்று வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயரோடு. உருவமும் பக்கத்தில் இருக்கிறது. 1400 ஆண்டு ஆகிறது. அந்த ஊரில் அன்றைக்கு இருந்த பெரிய மனிதர்கள் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? நாய் பெயர் தெரியும்.

போட்டிக்கு வருகிற கதைகளில் நான் அதிகம் தேடுவது இந்தக் கோவிவனைத்தான். முதல் பத்தி முழுக்கக் காலையும் குயிலும் சூரியனும். இரண்டாம் பத்தியில் கதாநாயகனின் குணநலன். கடைசிப் பத்தியில் நீதி. நாய் எங்கேயும் இல்லை.

திருப்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கக் கதையில் வளர்ந்த நமக்கு அது போதைபோல ஆகிவிட்டது. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ 1934இல் மணிக்கொடியில் வந்தது. மிகச் சிறிய கதை. அம்மாளு, வண்டி ஓட்டி அடிபட்டுக் கிடக்கும் புருஷன், அவன் ஆசைப்படும் பால் கஞ்சி, அவளுக்குச் சந்தில் கிடைக்கிற முக்கால் ரூபாய். எல்லோரும் அதன் முடிவில் ஆசிரியர் நேராக நம்மைப் பார்த்துச் சொல்கிற அந்தக் குத்தலைத்தான் மேடையில் சொல்வார்கள். எனக்கு ஒரு வேறு கருத்து உண்டு. அந்தக் குத்தல் இல்லாமலும் அந்தக் கதை நிற்கும். சொல்லப்போனால், பால் கஞ்சிக்கு ஆசைப்படுகிற புருஷன்தான் என் மனசில் நிற்கிறான். அதுவும் பசிக் கதைதான், கவனியுங்கள். புதுமைப்பித்தனிடம் குறை கண்டுபிடிக்கிறான் என்று யாராவது எழுந்தால், தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்வோம்.

கடைசி வரியைத் திருப்பத்துக்கு விடாமல் எழுதிக் காட்டியவர் சாதத் ஹசன் மண்ட்டோ. பிரிவினைக் கலவரத்தைப் பற்றி 1948இல் ‘ஸியா ஹாஷியே’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். 32 துண்டுகள். சில இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். ஒரே தலைப்பில் 32 என்றும் சொல்லலாம், அந்தத் தலைப்பை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, காலம் கொடுத்தது. ஒன்றில், கத்தி ஒருவனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும்போது பைஜாமா நாடா அறுந்துவிடுகிறது. கொன்றவன் பார்க்கிறான். அடடா, தப்பு நடந்துவிட்டது என்று வருத்தப்படுகிறான். அவ்வளவுதான். கொன்றவன் எந்த மதம், செத்தவன் எந்த மதம் என்று மண்ட்டோ சொல்லவே இல்லை. நாம்தான் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற கொலைகாரனுடைய இடத்தில் போய் நிற்கிறோம். இதைத் திருப்பம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். நேரம் ஆகிறது, ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

தலைப்பு வந்த அன்றைக்கே எழுதி அன்றைக்கே அனுப்பாதீர்கள். முதலில் வந்ததை எழுதி மடித்து வைக்கச் சொன்னேன் இல்லையா, அதைக் கிழித்துப் போட வேண்டாம், எழுதியே தீர வேண்டும். எழுதாமல் விட்டால் அது உள்ளேயே உட்கார்ந்துகொண்டு அடுத்ததை வரவிடாது. பிறகு தலைப்பை யாரிடமாவது சொல்லிப் பேச்சுக் கொடுங்கள், எழுத்தாளரிடம் வேண்டாம். பசி என்று உங்கள் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். என்னிடம் ஒரு மூதாட்டி, பசியைவிடப் பசி நேரத்தில் விருந்தாளி வருவதுதான் பயம் என்றார். அதிலிருந்து இன்னும் நான் ஒன்றும் எழுதவில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைப்புச் சொல்லைக் கதைக்குள் போட்டே ஆக வேண்டும் என்று விதி இருந்தால் ஒழிய, போடாதீர்கள். ‘பசி’ என்ற சொல்லே வராத பசிக் கதையை நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார். நான் படித்த அந்தக் குடுமிக் கதையிலும் வரவில்லை, பார்த்திருப்பீர்கள். சத்தமாகப் படித்துப் பாருங்கள், எங்கே மூச்சு தேவையில்லாமல் வாங்குகிறதோ அங்கே வெட்டுங்கள். கதாபாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதில் சிக்கனம் வேண்டும். மூன்று பெயர் வந்தாலே நூறு சொல்லில் கூட்டம் ஆகிவிடும். கோட்டையில் கதை நடந்தால் கோட்டையின் நீள அகலம் வேண்டாம். ராஜகிரி உச்சிக்குப் போகிற வழியில் பாறைப் பிளவு ஒன்று குறுக்கே இருக்கிறதே, சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்று நூல்களில் போட்டிருக்கும். கதையில் அந்த எண் எதற்கு? அந்தப் பிளவுமேல் போட்ட பாலத்தை ராத்திரி இழுத்துவிடுகிறவனுக்குக் கீழே ஊரில் வீடு இருந்ததா என்பதுதான் கதைக்கு வேண்டியது.

பரிசைப் பற்றியும் கேட்பீர்கள். பி.எஸ். ராமையா என்று ஒருவர், வத்தலக்குண்டுக்காரர். 1930களின் தொடக்கத்தில் ஆனந்த விகடன் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு ‘மலரும் மணமும்’ என்று ஒரு கதை அனுப்பினார். முதல் பரிசு கிடைக்கவில்லை, ஆறுதல் பரிசுதான். சில ஆண்டுக்குள் அவர்தான் மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திக்கொண்டிருந்தார். மற்றவர்களின் கதைகளை வாங்கிப் படித்துத் தேர்ந்தெடுத்துப் போடுகிற நாற்காலியில் இருந்தார். ஆறுதல் பரிசு வாங்கியவர்கள் எல்லோரும் அப்படி ஆவார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படி ஆகாமல் போனவர்கள் நிறைய, நானும் அந்த வரிசைதான்.

முடிவு வெளியானதும் எல்லோரும் முதல் பரிசுக் கதையைத்தான் தேடிப் படிக்கிறார்கள், படித்துவிட்டு ‘இதற்கா?’ என்று கோபித்துக்கொள்கிறார்கள். அதைக் கடைசியில் படியுங்கள். பரிசு கிடைக்காத கதைகள் கிடைத்தால் முதலில் அவற்றை ஒரே மூச்சில் படியுங்கள், நண்பர்களுக்குள் மாற்றிக்கொண்டாவது படியுங்கள். ஒரே தலைப்பில் நாற்பது பேர் என்ன எழுதினார்கள் என்று தெரியும். உங்களுடைய கதை அந்த நாற்பதில் எத்தனை பேருடைய கதையாக இருக்கிறது என்றும் தெரியும். நடுவர் மேசையில் உட்கார்ந்து நான் காசு வாங்கிக்கொண்டு கற்றது அது. உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு ‘பசி’ என்றே தலைப்பு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லியனுப்பியிருக்கிறார். நூறு சொல். சேர்த்து எழுதுவதை நான் கண்டுகொள்ள மாட்டேன். சந்திரநந்தி, கைதிக் கிணறு, குடுமி நெல் மூன்றும் இன்றைக்கு இந்த அரங்கத்தில் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டன. ஆகவே அவை இனிமேல் உங்களுடைய முதல் நினைப்பு. அந்த மூன்றும் வேண்டாம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.